நோயாளி கேட்கும் முன்பே வெல்ஷ்: வேல்ஸ் வார்டுக்கு வரும் நம்மூர் நர்ஸுகளுக்கு

ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வு எழுதி, ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு தேறி, பிரிட்டனில் நர்ஸுக்கான பதிவு எண்ணான 'பின்' நம்பரும் கைக்கு வந்துவிட்டால் மொழிப் பாடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைப்போம். லிவர்பூலுக்கோ லெஸ்டருக்கோ போகிறவர்களுக்கு அது சரி. வேலை வடமேற்கு வேல்ஸில் என்றால் இன்னும் ஒரு மொழி பாக்கி இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி குவினெத் மாவட்டத்தில் நூற்றுக்கு 64 பேரும், பக்கத்துத் தீவான ஆங்கிள்சியில் 56 பேரும் வெல்ஷ் பேசுகிறவர்கள். வேல்ஸ் முழுவதும் எடுத்தால் சுமார் 5,38,000 பேர், அதாவது 18 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த 18-ஐப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நான் வேலை பார்க்கும் முதியோர் வார்டில் ஒரு பக்கம் நடந்து வந்தால் பாதிக்கு மேற்பட்ட கட்டில்களில் வெல்ஷ்தான் காதில் விழும்.

"அவங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லாத் தெரியுமே அக்கா, அப்புறம் எதுக்கு?" என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். தெரியும்தான். பெரியவர்களில் ஆங்கிலம் அறவே தெரியாத ஒருவரை நீங்கள் பார்ப்பது அபூர்வம். ஆனால் வலி, பயம், காய்ச்சல், மயக்க மருந்து இறங்கும் நேரம், பக்கவாதம், டிமென்ஷியா என்று வரும்போது பின்னால் கற்ற மொழிதான் முதலில் தடுமாறுகிறது. அந்த நேரத்தில் "தெரியுமா" என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. எதில் பேச விருப்பம் என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

நான் குழித்துறைப் பக்கம். எங்கள் வீட்டில் தமிழ், மதிலுக்கு அந்தப் பக்கம் மலையாளம். அதனால் எனக்கு இது பெரிய விசித்திரமாகப் படவில்லை. ஒரே மொழி புழங்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் பழக நேரம் ஆகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸில் வெல்ஷுக்கு அதிகாரப்பூர்வ நிலை கொடுத்தது. ஹெல்த் போர்டுகளுக்கான (வட்டார அரசு மருத்துவ நிர்வாகங்கள்) மொழி விதிகள் 2018-இல் வந்து 2019-இலிருந்து படிப்படியாக அமலாயின. நர்ஸுக்கு நேரடியாகப் பொருந்துவது ஒன்று: உள்நோயாளியாகச் சேர்ந்த முதல் நாளே, தங்கியிருக்கும் காலத்தில் வெல்ஷில் பேச விரும்புகிறாரா என்று கேட்க வேண்டும், ஆம் என்றால் அது ஊழியர்களுக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். ஒவ்வொரு டாக்டரும் வெல்ஷில் பேசித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதற்கு முன்பே, 2012-இல், வேல்ஸ் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் வரும் 'ஆக்டிவ் ஆஃபர்' என்ற சொல்லை உங்கள் இன்டக்‌ஷனில் பத்துத் தடவை கேட்பீர்கள். நோயாளி வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே முன்வந்து கொடுப்பது என்று அர்த்தம். வேலையின் சாரம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதைச் செய்யும் முறை.

எப்படிக் கேட்பது

அட்மிஷன் படிவத்தில் மொழிக்கு ஒரு கட்டம் இருக்கும். பரபரப்பில் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், நோயாளி ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கேட்காமலே 'ஆங்கிலம்' என்று டிக் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஆங்கிலத்தில் பேசினால் அவர் ஆங்கிலத்தில்தானே பதில் சொல்வார்!

"உங்களுக்கு வெல்ஷ் தேவையா?" என்றும் கேட்காதீர்கள். தேவை என்று சொன்னால் அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கிற மாதிரி அவர்களுக்கு இருக்கும். "இல்லம்மா, பரவாயில்லை" என்பார்கள். வெல்ஷ் தெரியாத ஒருவர் அறையில் இருந்தாலும் மொத்தக் கூட்டமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது இங்கே மரியாதையாகவே ஆகிவிட்டது. அதற்குப் பின்னால் பழைய கதை ஒன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டை மாட்டுவார்கள். அடுத்து யார் வெல்ஷ் பேசி மாட்டிக்கொள்கிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். பள்ளி முடியும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. நம் வார்டில் இருப்பவர்கள் அதை அனுபவித்தவர்கள் இல்லை. அவர்களுடைய தாத்தா பாட்டி காலத்துச் சங்கதி. இருந்தாலும் ஆஸ்பத்திரி, வங்கி, கோர்ட்டு என்றால் இங்கிலீஷ்தான் என்ற பழக்கம் வீட்டு வழியாக இறங்கி வந்திருக்கிறது.

அதனால் கேள்வியைத் தேர்வாகக் கேளுங்கள்: "வெல்ஷா, ஆங்கிலமா, எது உங்களுக்கு வசதி?" அதற்கு முன் வெல்ஷில் ஒரு வணக்கம் வைத்துவிடுங்கள். போரே டா. காலை வணக்கம். (எண்பது வயதுப் பெரியவரைப் பார்த்து 'டா' போடுகிறோமே என்று முதல் வாரம் நாக்கு கூசும். மதியத்துக்கு ப்னௌன் டா, இரவுக்கு நோஸ் டா. எல்லாமே டா-தான், பழகிவிடும்.) அதற்கு அவர் முகம் மலர்ந்து வெல்ஷிலேயே பதில் சொன்னால் பாதி விடை கிடைத்தாயிற்று. அடுத்து "கம்ராய்க் டா சைஸ்நெக்?" என்று கேளுங்கள். வெல்ஷா ஆங்கிலமா என்பதற்கு இந்தப் பக்கத்துப் பேச்சு அது.

பெயரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஜோன்ஸ் என்று பெயர் வைத்திருப்பவருக்கு வெல்ஷில் ஒரு வார்த்தை தெரியாமல் இருக்கலாம். போலந்துப் பெயரோடு வருகிற இளைஞன் கார்னர்வனில் பள்ளிக்கூடம் படித்து வெல்ஷில் வெளுத்து வாங்குவான். அதேபோல முதல் நாள் 'இங்கிலீஷே போதும்' என்றவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் இறங்கி, நம்மோடு கொஞ்சம் பழகிய பின் இன்னொரு முறை கேளுங்கள். பதிலை மாற்றுகிறவர்கள் நிறைய. அப்போதும் ஆங்கிலம்தான் என்றால் விட்டுவிட வேண்டும். விருப்பம் என்றால் இரண்டு பக்கமும் விருப்பம்தான்.

கேட்டதை எங்கே வைப்பது

படிவத்தில் எழுதியது படிவத்திலேயே செத்துப்போகும். நோயாளி சொன்னது அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் பக்கம் இதற்கு ஆரஞ்சு நிறக் காந்தம் இருக்கிறது. வெல்ஷ் வேண்டும் என்றவரின் பெயருக்கு நேராக வார்டு போர்டில் ஒட்டிவிடுவோம். நாள் தொடங்கும்போது யார் எந்தக் கட்டில் என்று பிரிப்பவர் அதைப் பார்த்து, வெல்ஷ் பேசும் ஊழியரை முடிந்தவரை அந்தப் பக்கம் போடுவார். உங்கள் வார்டில் காந்தம் இல்லையென்றால் ஷிஃப்டு மாறும்போது கைமாறும் ஹேண்டோவர் தாளில் ஒரு வரி போதும். ஆனால் அந்த வரி அலர்ஜி, டிஎன்ஏசிபிஆர் (இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்ற முடிவு) எல்லாம் இருக்கிற மேல் பகுதியில் இருக்கட்டும். 'சமூக விவரம்' என்று கீழே ஒரு மூலையில் போட்டால் யார் கண்ணிலும் படாது.

ஊழியர் பக்கத்துக்கு அடையாளம் பேட்ஜ். ஆரஞ்சு நிறப் பேச்சுக் குமிழி போட்டது வெல்ஷ் பேசுகிறவர்களுக்கு. கற்றுக்கொண்டிருப்பவர்களுக்கும் தனியாக ஒன்று உண்டு. நீங்கள் வாங்க வேண்டியது இரண்டாவதை. அதைக் குத்திக்கொண்டால் நோயாளிகளே உங்களுக்கு வாத்தியாராகிவிடுவார்கள். கட்டிலில் படுத்தபடி எல்லோரிடமும் உதவி வாங்கிக்கொண்டே இருக்கிறவருக்கு, தான் ஒருத்திக்குச் சொல்லித்தருகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்க்கத்தான் வேண்டும்.

எந்த ஊழியருக்கு வெல்ஷ் தெரியும் என்பதையும் வந்த முதல் வாரத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர்களில் குறைவாக இருக்கும். ஹெல்த் கேர் அசிஸ்டென்ட், போர்ட்டர், துப்புரவு வேலை செய்கிறவர்கள், சமையலறையிலிருந்து தட்டு கொண்டு வருகிறவர்கள், இவர்களெல்லாம் உள்ளூர் ஆட்கள். வார்டில் ஓடுகிற வெல்ஷில் பெரும்பங்கு இவர்களுடையது.

வார்டுக்குப் போதுமான வெல்ஷ்

நேஷனல் சென்டர் ஃபார் லேர்னிங் வெல்ஷ் நடத்தும் இலவச ஆன்லைன் பாடத்தில் மருத்துவத் துறைக்கென்றே ஒரு பத்து மணி நேரத் தொகுப்பு உண்டு. முதலில் அதை முடியுங்கள். வடக்கு, தெற்கு என்று தேர்வு கேட்டால் உங்கள் ஆஸ்பத்திரி இருக்கிற பக்கத்தையே எடுங்கள். பாலுக்கு வடக்கே ஒரு சொல், தெற்கே வேறு சொல். பாட்டி வடக்கே நைன், தெற்கே மம்கீ. 'இப்போது' என்பதற்கு வடக்கே ருவான், தெற்கே நவ்ர். எழுத்தில் பார்த்தால் ஒன்றைத் திருப்பிப் போட்டது மற்றொன்று. நான் கீழே சொல்வதெல்லாம் வடக்கத்திப் பேச்சு.

உச்சரிப்பில் இரண்டு இடம்தான் கஷ்டம். தொண்டையில் உரசி வரும் ஒரு 'க்' உண்டு. எஃகு என்று சொல்லும்போது வருவதற்குப் பக்கத்தில் இருக்கும். அதை இங்கே ஃக் என்று எழுதுகிறேன். இன்னொன்று, நாக்கை ல-வுக்கு வைத்துக்கொண்டு இரண்டு ஓரமும் காற்றை ஊதுவது. அதை ஃல் என்று எழுதுகிறேன். வீட்டில் கண்ணாடி முன் பழகுங்கள், எச்சில் தெறிக்கும். ழ-வை அனாயாசமாகச் சொல்கிறவர்களுக்கு இது வராமல் போகாது.

நான் தினமும் பயன்படுத்துகிறவை இவை. வலி இருக்கிறதா: "டாஃக் ஃகி மியூன் போய்ன்?" எங்கே வலிக்கிறது: "ஃல்லே மைன் ப்ரிவோ?" மெதுவாக, அவசரமில்லை: "ஆரா டேக்", எழுந்து நிற்க வைக்கும்போது வாயில் வந்துகொண்டே இருக்கும். ரொம்ப நல்லது: "டா யௌன்". நன்றி: "டியோல்ஃக்". தண்ணீர்: டூர். ஆனால் "பாஸ்யோ டூர்" என்றால் தண்ணீர் வேண்டும் என்று இல்லை, சிறுநீர் கழிக்க வேண்டும். தேநீர் ஒரு கோப்பை: பானட். அந்த ஒரு சொல் எல்லாக் கதவையும் திறக்கும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கழிவறைக்கு இங்கே சொல் 'டீ பாஃக்'. ஞாபக மறதி உள்ள ஒரு மூதாட்டி "டீ... டீ..." என்று கேட்டுக்கொண்டிருக்க, புதிதாக வந்த பெண் ஒருத்தி அக்கறையாகப் பால் சர்க்கரை போட்டு டீ கொண்டு வந்து வைத்தாள். சிரிக்கலாம். ஆனால் முதியோர் வார்டில் பலர் விழுவது கழிவறைக்கு யாரும் கூட்டிப்போகாமல் தானே எழுந்து போகும்போதுதான். இந்தச் சொல் தெரியாமல் இரவு ஷிஃப்டுக்கு நிற்காதீர்கள்.

எண்கள் பத்து வரைக்குமாவது வேண்டும். வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்கும்போது பதில் வெல்ஷில் வரலாம்: ஈன், டாய், ட்ரீ, பெட்வார், பிம்ப், ஃக்வேஃக், சைத், உய்த், நௌ, டேக். 'நௌ' என்று முனகினால் 'இப்போது' என்கிறார் என்று நினைத்துவிடுவோம். அது ஒன்பது. பாரசிட்டமாலோடு விடுகிற வலி இல்லை அது.

ஆமாம், இல்லை என்பதற்கு வெல்ஷில் பொதுவாக ஒரே சொல் கிடையாது. கேள்வியின் வினைச்சொல்லே பதிலாகத் திரும்பி வரும். நமக்கு இது புதிதா என்ன? "வலிக்குதா?" "வலிக்குது." அவ்வளவுதான். "டாஃக் ஃகி...?" என்று கேட்டால் பதில் 'அடு' என்றால் ஆமாம், 'நாக் அடு' என்றால் இல்லை. முன்னால் 'நாக்' வந்தால் மறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் இரண்டு வாக்கியம் சொன்னதும் எதிரே இருப்பவர் கடகடவென்று ஆரம்பித்துவிடுவார். அப்போது சொல்ல ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்: "டு இன் டஸ்கி கம்ராய்க்", வெல்ஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டு மெதுவாக்குவார், அல்லது ஆங்கிலம் கலந்து பேசுவார். கலப்பதில் தப்பே இல்லை. வெல்ஷ்காரர்கள் வெல்ஷுக்கு நடுவே 'பிளட் பிரஷர்' என்றுதான் சொல்கிறார்கள். அகராதியில் இருக்கும் தூய சொல்லை நீங்கள் மனப்பாடம் செய்துகொண்டு போய் அவரிடம் சொன்னால், தன் வெல்ஷ் போதாதோ என்று அவர்தான் கூச்சப்படுவார். நம்மூரில் 'சுகர் இருக்கா?' என்று கேட்காமல் 'தங்களுக்கு நீரிழிவு உண்டா?' என்று எந்த நர்ஸ் கேட்கிறாள்?

மரியாதை விஷயம் நமக்குச் சுலபம். ஃகி என்றால் நீங்கள், டி என்றால் நீ. பெரியவர்களுக்கு எப்போதும் ஃகி. ஆனால் நம்மூர்ப் பழக்கத்தில் பாட்டி, தாத்தா என்று கூப்பிடுகிற மாதிரி நைன், டைட் என்று கூப்பிட்டுவிடாதீர்கள். அது பேரப்பிள்ளைகளுக்கு உரியது. என்ன பெயரில் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதில் பாதுகாப்பும் இருக்கிறது. இந்த ஊரில் குடும்பப் பெயர்கள் கொஞ்சம்தான்: ஜோன்ஸ், வில்லியம்ஸ், ராபர்ட்ஸ், ஹியூஸ், இவான்ஸ். ஒரே பே-யில் (வார்டுக்குள் சில கட்டில்கள் சேர்ந்த பகுதி) மூன்று மிஸஸ் ஜோன்ஸ் சாதாரணம். ஊர்க்காரர்கள் அவர்களைப் பண்ணைப் பெயராலோ பழைய தொழிலாலோ பிரித்துச் சொல்வார்கள். பேச்சுக்கு அது நன்றாக இருக்கும். மருந்து கொடுக்கும்போது மட்டும் கைப்பட்டையில் பிறந்த தேதியும் என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) எண்ணும் பார்த்துத்தான்.

தொழில் என்றதும் ஒன்று. பெத்தஸ்டா, ப்ளைனாய் ஃபெஸ்டினியோக் பக்கத்து வயதான ஆண்கள் பலர் ஸ்லேட் கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள். பெத்தஸ்டாவின் பென்ரின் குவாரியில் 1900 முதல் 1903 வரை நடந்த வேலைநிறுத்தத்தை இன்றும் நேற்று நடந்த மாதிரி பேசுவார்கள். மூச்சுத்திணறலோடு ஒருவர் வந்து 'ஃல்லூஃக்' என்ற சொல்லைச் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தூசி. சிலிக்கோசிஸ் (கல்தூசியால் வரும் நுரையீரல் நோய்) பற்றி டாக்டரிடம் சொல்ல வேண்டிய தொழில் வரலாறு அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கும்.

நம் வெல்ஷை நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம்

ஆறுதலுக்கும் அன்றாடத்துக்கும் அரைகுறை வெல்ஷ் தாராளமாகப் போதும். ஒப்புதல் கையெழுத்து, மருந்து அளவு, அலர்ஜி, கெட்ட செய்தி, டிஸ்சார்ஜ் விளக்கம், இவற்றுக்குப் போதாது. அங்கே சரளமாகப் பேசும் ஊழியரைத் தேடுங்கள். ஒப்புதல் போன்றவற்றுக்கு மருத்துவம் தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். தட்டு கொண்டுவரும் அம்மாவைக் கூப்பிட்டு ஆபரேஷன் விளக்கச் சொல்லக் கூடாது. ஆள் இல்லையென்றால் டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லட்டும், வெல்ஷ் பேசும் நர்ஸ் வந்ததும் நோயாளிக்கு என்ன புரிந்திருக்கிறது என்று வெல்ஷில் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதற்காக அவளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். அம்மா மகளிடம் மறைப்பது இருக்கும், மகள் அம்மாவிடம் மறைப்பது அதைவிட இருக்கும். கூகுளில் தட்டி நீட்டுவது பானட் வேண்டுமா என்று கேட்பதற்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

குழந்தைகள் வார்டுக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: இந்த மாவட்டத்தில் மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் சிலருக்கு ஆங்கிலம் இன்னும் வந்திருக்காது. அங்கே இது விருப்பம் மட்டும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு வேறு மொழியே கிடையாது.

குழப்பமா, மொழியா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆங்கிலத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லாதவர், வேறென்னவோ முணுமுணுப்பவர், மாலை ஆனதும் எழுந்து கத்துபவர், இவர்களைப் பற்றிக் குறிப்பில் 'கன்ஃபியூஸ்ட்' என்று எழுதுவது ஒரு நொடி வேலை. அந்தச் சொல் பிறகு அவரைவிட்டுப் போகாது. அதை எழுதும் முன் ஒரு கேள்வி: அவருடைய முதல் மொழியில் யாராவது பேசிப் பார்த்தார்களா? டிமென்ஷியா முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் நடக்கிறது. முணுமுணுப்பு என்று நாம் நினைத்தது தெளிவான வெல்ஷ் வாக்கியமாக இருக்கலாம். பக்கவாதத்தில் இரண்டு மொழியும் ஒரே அளவில் பாதிக்கப்பட வேண்டும் என்றில்லை, ஒரே வேகத்தில் திரும்ப வேண்டும் என்றும் இல்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்பும் சீட்டில் 'வெல்ஷ் முதல் மொழி' என்று எழுதாமல் அனுப்பினால் பாதி நோயாளியைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள்.

டெலிரியம் (உடம்பு சரியில்லாதபோது திடீரென்று வரும் மனக்குழப்பம்) பார்க்க ஃபோர்-ஏ-டி என்ற சின்னச் சோதனை போடுவோம் இல்லையா? அதில் டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்கிறோம். ஏழு மாதமோ மேலோ சரியாகச் சொன்னால் அந்தப் பகுதிக்குப் பூஜ்யம், குறைந்தால் மதிப்பெண் ஏறும். வெல்ஷில் யோசிப்பவரை ஆங்கிலத்தில் மாதம் சொல்லவைத்தால் தடுமாறுவார், மதிப்பெண் ஏறும். அவர் வெல்ஷிலேயே அழகாகச் சொன்னாலும் நமக்குச் சரிபார்க்கத் தெரியாவிட்டால் பயன் இல்லை. அதனால் இந்தப் பட்டியலைச் சின்ன அட்டையில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன், நீங்களும் வையுங்கள்: ஹ்ராக்விர், டாஃக்வெத், ஹட்ரெவ், மெடி, ஔஸ்ட், கோர்ஃபெனாவ், மெஹெவின், மாய், எப்ரிஃல், மௌர்த், ஃக்வெவ்ரோர், யோனௌர். அட்டையில் அசல் வெல்ஷ் எழுத்தையும் பக்கத்தில் எழுதிக்கொண்டால் மற்ற நாட்டு நர்ஸுகளுக்கும் உதவும். வயது கேட்டால் சில பெரியவர்கள் பழைய எண் முறையில் 'பெட்வார் ஈகைன்' என்பார்கள். நாலு இருபது, அதாவது எண்பது. உளறல் இல்லை.

நினைவாற்றல் சோதனைகளை நீங்களாக மொழிபெயர்த்து நடத்தாதீர்கள். சோதனைச் சொற்கள் மாறினால் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் போய்விடும். வெல்ஷில் நடத்தக்கூடியவரிடம் நாள் கேட்டு வையுங்கள். அவசரமாக ஆங்கிலத்தில்தான் செய்ய வேண்டி வந்தால், எந்த மொழியில் செய்தது என்று மதிப்பெண் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அமைதிப்படுத்த மருந்து எழுதச் சொல்லும் முன் மலிவான சில வழிகள் இருக்கின்றன. 1977 முதல் ஒலிபரப்பாகும் வெல்ஷ் வானொலியான பிபிசி ரேடியோ கம்ரியைக் கட்டிலருகே மெல்லிய ஒலியில் வைத்துப் பாருங்கள். ஞாயிறு மாலை சர்ச் பாடல் வந்தால் சொல்லே வேண்டாம். நாலு குரல் பிரித்துப் பாடிப் பழகியவர்கள் இவர்கள், பேச்சு நின்றவரின் உதடும் அசையும். வீட்டிலிருந்து 'பாப்பர் ப்ரோ' கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஊர்க்காரர்களே நடத்தும் வெல்ஷ் பத்திரிகை அது. கல்யாணம், சாவு, பண்ணைப் போட்டிப் பரிசு எல்லாம் அதில் இருக்கும். படிக்க முடியாதவரும் படங்களைப் பார்த்து ஆட்களைச் சொல்வார்.

வட வேல்ஸ் ஹெல்த் போர்டின் பெயரே ஒரு நர்ஸின் பெயர்தான்: பெட்ஸி கட்வாலடர். 1789-இல் பாலா ஊருக்குப் பக்கத்தில் பிறந்து, 65 வயதில் கிரிமியப் போர்க்களத்துக்கு நர்ஸாகப் போனவர். பேச்சுக்கு விஷயம் இல்லாத மதியங்களில் அவரைப் பற்றிக் கேளுங்கள். யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்.

இரவு ஷிஃப்டும் டிஸ்சார்ஜும்

இரவில் வெல்ஷ் பேசுகிறவர் வார்டில் ஒருவரும் இல்லாமல் போகலாம். அப்படிப்பட்ட இரவுக்கு மாலை ஆறு மணிக்கே தயாராக வேண்டும். பகல் ஊழியர் கிளம்பும் முன் அந்த நோயாளியிடம் அவருடைய மொழியிலேயே ராத்திரி என்ன நடக்கும், மணியை எங்கே அழுத்துவது, யார் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பக்கத்து வார்டில் யார் இருக்கிறார்கள் என்று, இரவில் ஆஸ்பத்திரி முழுவதையும் பார்த்துக்கொள்ளும் சைட் மேனேஜரிடம் கேட்டு வையுங்கள். அவரும் கைவிரித்தால் உங்கள் பையில் இருக்கும் அட்டையும் 'ஆரா டேக்'கும்தான். அதுவும் குறைவில்லை.

கேர் ஹோமுக்கு அனுப்பும்போதுதான் இதுவரை செய்ததெல்லாம் காணாமல் போகிற ஆபத்து. அங்கேயும் வேலை செய்கிறவர்கள் பாதிப்பேர் நம்மைப் போல வெளியூர்க்காரர்கள். அதனால் 'வெல்ஷ் விருப்பம்' என்று பொதுவாக எழுதினால் போதாது. இவர் தண்ணீருக்கு என்ன சொல்கிறார், கழிவறைக்கு என்ன சொல்கிறார், வலித்தால் என்ன சொல்கிறார், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார் என்று நாலு வரி, உச்சரிப்போடு. போனிலும் சொல்லுங்கள். கடிதத்தில் அந்த நாலு வரியும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டாம் பக்கத்தை ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற நேரத்தில் யாரும் புரட்டுவதில்லை.